குப்பத்தில் பிறந்த கேள்வி

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலே வரிசையாக நிற்கும் விசைப்படகுகளின் முகப்பைப் பாருங்கள். ஒன்றிலே எல்லையம்மன் பெயர். பக்கத்துப் படகிலே வேளாங்கண்ணி மாதா. அதற்கடுத்ததிலே முருகனின் வேல். இன்னொன்றிலே பிறையும் 786 என்ற எண்ணும். நான்கும் ஒரே இரவிலே புறப்படுகின்றன. ஒரே விலைக்கு டீசல் வாங்கி, ஒரே ஐஸை நிரப்பி, ஒரே கடலிலே வலை விடுகின்றன. மீன் பட்டால் நான்குக்கும் படுகிறது. படாத நாளிலே நான்கும் கடனோடு கரை சேருகின்றன. புயல் கிளம்பினால், எந்தப் படகு எந்தச் சாமியுடையது என்று அலை விசாரிப்பதில்லை.

மதம் மேலிருந்து அருளப்பட்டதா, மனிதன் ஆக்கிக்கொண்டதா என்று காலங்காலமாகப் பண்டிதர்கள் வாதாடி வருகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பாதி விடை, பல்கலைக்கழகம் போகாமலேயே, படகுத்துறையிலே கிடைக்கிறது. மீதிப் பாதியைத் தேடி எண்பதாண்டுக்கும் மேலான ஒரு வாழ்க்கையைச் செலவிட்டவர், இந்தக் கடற்கரையிலேயே, மீனவர் குலத்திலேயே பிறந்தவர். அவர்தான் சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர். மே தினத்தன்று அவர் படத்துக்கு மாலையிடுகிறோம். அவர் எதைக் கேட்டார், ஏன் கேட்டார் என்பதை நம்மிலே எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

ராயபுரம் என்ற பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். ராயப்பர் என்று தமிழ்க் கத்தோலிக்கர் அழைப்பது இயேசுவின் சீடரான பேதுருவை. அவர் பெயரால் வந்ததே ஊர்ப்பெயர் என்பர். பேதுரு கலிலேயா ஏரியிலே வலை வீசியவர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலே, அலையைக் கிழித்துக் கப்பலுக்கும் கரைக்குமாகப் படகு வலித்த உழைப்பாளிகள், தாங்கள் சேர்த்த பணத்திலே கோயில் எழுப்பியபோது, யாருக்கு எழுப்பினார்கள்? தங்களைப் போலவே மீன் பிடித்தவருக்கு! அதே கரையிலே, மறுசாரார், கடலின் எல்லையைக் காக்க ஓர் எல்லையம்மனை நிறுத்திக்கொண்டார்கள். மலையிலே வாழ்ந்தவன் மலைத் தெய்வம் கண்டான். ஆடு மேய்த்தவன் தன் ஆண்டவனை மேய்ப்பன் என்றான். பாலைவனத்திலே தகித்தவன் சொர்க்கத்திலே நீரோடைகளை ஓடவிட்டான். காளைக்கும் குதிரைக்கும் கையிருந்து ஓவியம் தீட்டத் தெரிந்தால், அவை தங்கள் கடவுளைக் காளையாகவும் குதிரையாகவுமே தீட்டியிருக்கும் என்ற பொருளிலே, 2,500 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க நாட்டு செனோபனீஸ் என்ற சிந்தனையாளர் எள்ளி நகையாடினார். அவரும் கடலோரப் பகுதியிலே பிறந்தவர்தான். கடற்கரையிலே பல தேசத்துக் கப்பல் வரும். பல தேசத்துச் சாமியும் வரும். பல சாமிகளைப் பார்த்தவனுக்குச் சந்தேகம் பிறப்பது எளிது போலும்!

1859 நவம்பரிலே, உயிர்கள் தனித்தனியே படைக்கப்பட்டவையல்ல, நெடுங்காலத்திலே படிப்படியாக மாறி வந்தவை என்று நிறுவிய டார்வினின் நூல் லண்டனிலே வெளிவந்தது. மூன்று மாதம் நிறைவதற்குள், 1860 பிப்ரவரி 18 அன்று, சென்னை அயோத்தியா குப்பத்திலே, வெங்கடாசலம் - வள்ளியம்மை இணையருக்குச் சிங்காரவேலர் பிறந்தார். பின்னாளிலே டார்வினைத் தமிழ்த் தொழிலாளிக்கு அறிமுகம் செய்யப்போகிறவர், டார்வினின் நூலோடு ஏறத்தாழ ஒன்றாகவே உலகுக்கு வந்தார். இது தற்செயல். தற்செயலிலே தெய்வச் செயலைக் காண்பது நம் வேலையல்ல; அதற்கென்றே பஞ்சாங்கம் வைத்திருப்போர் பலருண்டு.

குப்பத்திலே பிறந்தவரே தவிர, வறுமையிலே வளர்ந்தவரல்லர். பர்மாவோடு அரிசி வாணிபம் செய்த குடும்பம். மாநிலக் கல்லூரியிலே பட்டம் பெற்று, சட்டம் பயின்று, 1907ஆம் ஆண்டு, தமது நாற்பத்தேழாம் வயதிலே, உயர்நீதிமன்ற வழக்குரைஞரானார். கடற்கரைச் சாலையிலே வீடு. அந்த வீட்டிலே சென்னை நகரமே வியந்து பேசிய புத்தகக் களஞ்சியம். மீனவர் வீட்டுப் பிள்ளை படித்ததே அதிசயமாகப் பேசப்பட்ட காலத்திலே, தத்துவம், வரலாறு, உயிரியல், வானியல், பொருளாதாரம் என்று கப்பல் கப்பலாக வந்த நூல்களை வாங்கிக் குவித்தார். குவித்ததோடு நில்லாமல் படித்தார். வாங்கி அடுக்கிவிட்டுக் கண்ணாடிக் கதவைப் பூட்டிவிடும் கனவான்களையும் நாம் அறிவோமல்லவா?

அவர் முதலில் கண்ட வாசல் பௌத்தம். 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயிலே சென்னையிலே ஒரு விழிப்பு எழுந்தது. 1898ஆம் ஆண்டு அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பினார். பேராசிரியர் லட்சுமி நரசு, அறிவியலும் அறமும் ஒன்றோடொன்று மோதாத நெறியாகப் புத்தர் போதனையை விளக்கி எழுதினார். சிங்காரவேலரின் வீட்டிலே மகாபோதி சங்கம் கூடியது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற நெறியை, பிறப்பால் தாழ்த்தப்பட்டவர்கள் தேடிச் சென்றது வியப்பல்ல. ஆனால் சிங்காரவேலர் அங்கே இன்னொன்றையும் கண்டிருக்கவேண்டும் என்று நாம் கருதுகிறோம். உலகைப் படைத்த ஒருவன் மேலே அமர்ந்திருக்கிறான் என்ற அடித்தளமே இல்லாமல், கோடானுகோடி மக்களை ஒரு நெறி 2,500 ஆண்டுகளாகக் கட்டி ஆண்டிருக்கிறது. கடவுள் அருளாமல் மதம் தோன்றாது என்பவர்கள், படைப்புக் கடவுளையே ஏற்காத இந்த மதம் எங்கிருந்து தோன்றியது என்று சொல்லவேண்டும். ஒரு மனிதன், அரச மரத்தடியிலே அமர்ந்து, துன்பம் ஏன் வருகிறது என்று சிந்தித்தான். அதிலிருந்து தோன்றியது என்பதே வரலாறு. சிந்தித்த அந்த மனிதனையே பிற்பாடு சிலையாக்கித் தீபாராதனை காட்டினார்களே, அதுவும் மனிதர் வேலைதான்!

பௌத்தத்தோடு அவர் நின்றுவிடவில்லை. வடசென்னையிலே நடந்த ஒரு போராட்டத்தைக் கூறாமல் மேலே செல்ல இயலாது. 1921ஆம் ஆண்டு, பெரம்பூர் பக்கத்துப் பின்னி ஆலைகளிலே மாதக்கணக்கிலே வேலைநிறுத்தமும் கதவடைப்பும் நடந்தன. திரு.வி.க. போன்றோர் தொழிலாளர் பக்கம் நின்றனர், சிங்காரவேலரும் நின்றார். முதலாளியின் பணம் முறிக்காத ஒற்றுமையைச் சாதி முறித்தது. ஒரே தறியிலே நின்றவர்கள், சேரிக்காரன் என்றும் ஊர்க்காரன் என்றும் பிரிந்தனர். புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன; துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் போயின; போராட்டம் தோற்றது. குடிசைக்குத் தீ வைத்த கைக்கு அந்தப் பகை எங்கிருந்து வந்தது? தொழிலாளி தானாகக் கண்டுபிடித்ததா? தலையிலே பிறந்தவன், தோளிலே பிறந்தவன், தொடையிலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்று வரிசை வகுத்து, இது மனிதன் வகுத்ததல்ல, ஆதிபுருஷனின் உடலிலிருந்தே வந்தது என்று முத்திரை குத்தி வைத்தார்களே, அந்தச் சரக்கல்லவா ஆலை வாசலுக்கு வந்து சேர்ந்தது! மதம் யார் செய்தது என்ற கேள்வி, ஓய்வுள்ளோர் திண்ணையிலே பேசிப் பொழுது போக்கும் கேள்வி என்று எண்ணுவோர், புளியந்தோப்பை நினைத்துப் பார்க்கட்டும்.

அதே 1921ஆம் ஆண்டு அவர் வழக்குரைஞர் அங்கியைத் துறந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரிலே கயா நகரிலே கூடிய காங்கிரஸ் மாநாட்டிலே, தம்மைக் கம்யூனிஸ்டு என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு பேசினார். புத்தர் ஞானம் பெற்ற இடம் கயாவுக்கு அருகிலேதான் இருக்கிறது. முன்னாள் மகாபோதிச் சங்கத்துக்காரர் புதிய நெறியை அறிவித்த இடமும் அதுவாக வாய்த்தது. 1923 மே முதல் நாள், சென்னையிலே உயர்நீதிமன்றத்தை ஒட்டிய கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும், இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்திக் காட்டினார். 1925 டிசம்பரிலே கான்பூரிலே முதல் கம்யூனிஸ்டு மாநாட்டுக்குத் தலைமை. 1928ஆம் ஆண்டு தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம்; அதற்காகப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை. மேல்முறையீட்டிலே தண்டனை குறைந்து, 1930ஆம் ஆண்டு வெளியே வந்தபோது அவருக்கு வயது எழுபது.

எழுபது! ஈசிச்சேரிலே சாய்ந்து, பேரன் பேத்திகளை அருகழைத்து, இராமாயணத்தைப் புரட்டும் வயது என்று ஊர் வகுத்திருக்கிறது. கடைசிக் காலத்திலே கடவுளை நினை என்பார்கள். அவரும் கடவுளைத்தான் நினைத்தார். ஆனால் வேறு விதமாக! பெரியாரின் குடிஅரசு ஏட்டிலே, கடவுள், பிரபஞ்சம், உயிர், ஆவி, சோதிடம், அற்புதம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சோதித்துக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார். கடவுளும் பிரபஞ்சமும் என்ற பெயரிலேயே ஒரு நூலுண்டு. கல்லூரி மாணவர்கள் ஆங்கிலத்திலே தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்த செய்திகளை, மாலையிலே படிப்பகத்துப் பெஞ்சியிலே ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்கும் தமிழுக்குக் கொண்டு வந்தார்.

அவர் கையாண்ட முறை கடினமானதல்ல. கண்ணாலோ கருவியாலோ காண், சோதித்துப் பார், காரணத்தைத் தேடு, பிறகு ஒப்புக்கொள். நட்சத்திரத்துக்கு எந்த அளவுகோலோ, அதே அளவுகோல் கடவுளுக்கும் என்றார். பண்டை மனிதன் இடியைக் கேட்டான், காரணம் தெரியவில்லை, அஞ்சினான். அஞ்சியதற்கு ஒரு பெயர் வைத்தான். பெயர் வந்ததும் உருவம் வந்தது. உருவம் வந்ததும் பசி வந்தது. பசி வந்ததும் படையல் வந்தது. படையலை இடையிலே நின்று வாங்கிக் கொடுக்க ஒருவன் வந்தான். அந்த இடையாள்தான், இதெல்லாம் மேலிருந்து வந்தது என்று முதன்முதலிலே சொல்லியிருக்கவேண்டும் என்பது நம் ஊகம். சிங்காரவேலர் தம் கட்டுரைகளிலே காட்டியது இந்த வழியைத்தான்: அறியாமையிலும் அச்சத்திலும் தொடங்கி, அதிகாரத்திலும் ஆதாயத்திலும் வந்து சேர்ந்த வழி.

இந்த அளவுகோலை நம் வீட்டு வாசலிலேயே வைத்துப் பார்ப்போம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் நம் நிலத்தைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. பாட்டன் வலை உலர்த்திய மணல் இன்று தண்ணீருக்கடியிலே. தெருத்தெருவாகப் போயிருக்கின்றன, கோயில்களையும் கடல் விட்டுவைக்கவில்லை. கடலம்மா கோபித்துக்கொண்டாள், காணிக்கை குறைந்துவிட்டது, கட்டுப்பாடு கெட்டுவிட்டது என்றெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் இந்தக் கரைக்காரர்கள். வரி போட்டுத் திருவிழா எடுத்தார்கள். ஆடு வெட்டினார்கள், கூழ் வார்த்தார்கள். கடல் நிற்கவில்லை.

காரணம் என்ன? இந்தக் கடற்கரையோரமாக, ஆண்டின் பெரும்பகுதியிலே, அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வரும் மணலும் போகும் மணலும் சரியாக இருந்தவரை கரை நிலைத்திருந்தது. 1870களிலே சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ளே கற்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதைத் தகர்த்தெறிந்தது, மீண்டும் கட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் சுவரிலே முட்டித் தெற்கே தங்கிற்று. அதுதான் இன்று நாம் உலாவும் அகன்ற மெரினா! வடக்கே மணல் வரத்து நின்றது. அலை மட்டும் நிற்கவில்லை. ஆகவே கரை கரைந்தது. கடலம்மாவுக்குக் கோபமுமில்லை, தாபமுமில்லை. தென் சென்னைக்கு மெரினா கிடைத்தது. வட சென்னைக்குக் கருங்கல் தடுப்பு கிடைத்தது. பாவம் செய்தவன் வடக்கேயும் புண்ணியம் செய்தவன் தெற்கேயுமா குடியிருந்தான்?

சிங்காரவேலரின் வீடு இருந்ததும், அவர் மே தினம் நடத்தியதும் அந்த மெரினாக் கரைதான். 1959ஆம் ஆண்டு முதல் உழைப்பாளர் சிலை நிற்பதும் அங்கேதான்.

காரணத்தை எங்கே தேடுகிறோம் என்பதை வைத்தே, யாரிடம் கணக்குக் கேட்கிறோம் என்பது முடிவாகிறது. கடலம்மாவின் கோபம் என்றால், மீனவன் தன்னைத்தான் நொந்துகொள்ளவேண்டும். துறைமுகச் சுவரின் விளைவு என்றால், சுவர் எழுப்பிய அரசிடம் தடுப்பு கேட்கலாம், மாற்று வீடு கேட்கலாம், இழப்பீடு கேட்கலாம். 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்திலே படர்ந்தபோது, மீனவர்கள் கோயிலிலே குறி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கறுத்துப்போன வலையைக் கையிலே தூக்கிக் காட்டி, யார் விட்டது என்று கேட்டார்கள். சிங்காரவேலரை அவர்களிலே எத்தனை பேர் படித்திருப்பார்களோ நாம் அறியோம். கேள்வி அவருடைய கேள்விதான்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். எல்லாம் சரி, கடலிலே கணவனைப் பறிகொடுத்தவள் அம்மன் சந்நிதியிலே அழுதால் நெஞ்சு லேசாகிறதே, அதைப் பிடுங்கவா சொல்கிறீர்கள் என்பார். நேர்மையான கேள்வி. கிண்டலாலே அதைத் தட்டிவிடுவது நமக்கு அழகல்ல. அவள் கண்ணீரை நாம் பரிகசிக்கவில்லை, பரிகசிப்பவன் பகுத்தறிவாளனல்லன். ஆனால் 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமசுக்கு மறுநாள். காலை ஆறரை மணி அளவிலே சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அலை சென்னையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இரண்டு மணி நேரம்! ஒரு மணி அடித்திருந்தால், ஒரு சங்கு ஊதியிருந்தால், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். கோயிலிலே மணி இருந்தது. மாதா கோயிலிலே மணி இருந்தது. அடிக்கவேண்டும் என்று யாருக்கும் அருள்வாக்கு வரவில்லை. தமிழ்நாட்டிலே ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்களும் அதிலே உண்டு. நாகப்பட்டினத்திலே அம்மன் கோயில் கட்டிய மீனவரும் உண்டு. எந்த மதத்து வானத்திலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

2007ஆம் ஆண்டு முதல் ஐதராபாதிலே ஓர் எச்சரிக்கை மையம் இயங்கிவருகிறது. நில அதிர்வை உணரும் கருவிகள், நடுக்கடலிலே மிதவைகள், நிமிடக் கணக்கிலே செய்தி. அதை அருளியவர் எவருமில்லை. அறிவியல் கற்ற மனிதர்கள் அமைத்தார்கள். பிழை கண்டால் திருத்துகிறார்கள். கணவனைப் பறிகொடுத்தவளுக்கு ஆறுதல் வேண்டும், ஆம். அடுத்த வீட்டுப் பெண் கணவனைப் பறிகொடுக்காமலிருக்க வழியும் வேண்டும். ஆறுதலைத் தருகிற கோயில் வழியையும் தந்திருந்தால் நாம் ஏன் வாய் திறக்கப்போகிறோம்?

மீனவனைப் பற்றி மதம் என்ன கதை சொல்லி வைத்திருக்கிறது என்பதையும் பார்ப்போம். பெரிய புராணத்திலே அதிபத்தர் என்று ஒரு நாயனார். நாகைக் கடற்கரைப் பரதவர். நாள்தோறும் பிடிக்கும் மீன்களிலே ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலே விட்டுவிடுவார். பஞ்சம் வந்தது. ஒரே ஒரு மீன் கிடைத்த நாளிலும் அதையும் விட்டார். சுற்றத்தார் பட்டினி. கடைசியிலே வலையிலே பொன்மீன் சிக்கியது; அதையும் விட்டார்; முக்தி கிடைத்தது. நாகப்பட்டினத்திலே இன்றும் விழா எடுக்கிறார்கள். கதையிலே அதிபத்தருக்கு முக்தி கிடைத்தது; பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று கதை சொன்னவர்கள் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. இது வானிலிருந்து வந்த கதையாக இருக்க முடியுமா? வலை இழுத்துப் பார்த்தவன் எழுதிய கதையாகக்கூடத் தோன்றவில்லையே! கிடைத்த ஒரு மீனையும் காணிக்கையாகக் கொடுத்துவிடு என்ற போதனையால் யார் வீட்டிலே உலை கொதிக்கும் என்று பார்த்தால், கதை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது விளங்கும்.

மனிதன் செய்தது என்று சொல்லிவிட்டால், அதிலே உள்ள நல்லதெல்லாம் பொய்யாகிவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அஞ்சத் தேவையில்லை. ராயப்பர் கோயிலை எழுப்பிய படகோட்டிகளின் கூட்டுறவு மனிதருடையது. திருவொற்றியூருக்கு நடையாய் நடந்து பாடிய இராமலிங்க அடிகள், பின்னாளிலே சாதியும் சாத்திரமும் பயனற்றவை என்று தள்ளி, 1867ஆம் ஆண்டு வடலூரிலே பசித்தவனுக்கு அடுப்பு மூட்டினாரே, அந்த இரக்கமும் மனிதருடையது. அதை ஏன் வானத்துக்குத் தூக்கிக் கொடுக்கவேண்டும்? வலையை மனிதன் பின்னினான். ஆகவே கிழிந்த கண்ணியைத் தைக்கிறான், உதவாத வலையைத் தூக்கி எறிகிறான். வலை வானத்திலிருந்து விழுந்தது, கை வைக்காதே என்று சொல்லியிருந்தால், ஓட்டை வலையோடு இன்றும் கடலுக்குப் போய்க்கொண்டிருப்போம்.

கை வைத்தோம் என்பதற்கு நம் இயக்கத்தின் வரலாறே சாட்சி. புரோகிதரும் தீயும் இல்லாமல் மணம் செல்லாது என்றார்கள். அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இலே சட்டமன்றத்திலே திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரி முதல் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றாயிற்று. முன்னர் நடந்தவையும் செல்லும் என்றாயிற்று. வானம் இடியவில்லை. கருவறைக்குள்ளே இன்ன குலத்தார்தான் நுழையலாம் என்றார்கள். 1970இலே கலைஞர் ஆட்சியிலே சட்டம் வந்தது. வழக்கு மேல் வழக்காக இழுத்தடித்து, அரை நூற்றாண்டு கழித்து, 2021 ஆகஸ்டிலே, பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்கள் பணியமர்த்தப்பட்டனர். கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, வழக்குகளும் ஓயவில்லை. கதவைப் பூட்டியது மனிதன் கை என்று ஒப்புக்கொள்ளாதவரை, சாவியை மனிதனிடம் கேட்க முடிந்திருக்குமா?

சிங்காரவேலருக்கும் பெரியாருக்கும் இடையே ஏற்பட்ட பிரிவையும் மறைக்கவேண்டியதில்லை. 1932 டிசம்பரிலே, பெரியார் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பியபின், ஈரோட்டுத் திட்டத்தை வகுப்பதிலே இருவரும் தோளோடு தோள் நின்றனர். மறு ஆண்டு குடிஅரசுத் தலையங்கத்துக்காகப் பெரியார் சிறை சென்றார். 1934இலே கம்யூனிஸ்டுக் கட்சிக்கு அரசு தடை விதித்தது. சமூகச் சீர்திருத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பொதுவுடைமைப் பிரசாரத்தை ஒதுக்கி வைப்பது என்று பெரியார் முடிவு செய்தார். சிங்காரவேலர் அதை ஏற்கவில்லை. புது உலகம் என்ற தம் ஏட்டிலே தம் வழியிலே எழுதினார். கடவுளை மட்டும் ஒழித்துவிட்டு வறுமையை விட்டு வைத்தால், வறுமை இன்னொரு கடவுளைப் பெற்றுப்போடும் என்பது அவர் நிலையின் சாரம். வேலை நிச்சயமில்லாதவன், மருந்துக்குக் காசில்லாதவன், நாளைக்கு என்ன என்று தெரியாதவன், ஏதாவதொன்றைப் பற்றிக்கொள்ளத்தான் செய்வான். இந்த இடத்திலே கிழவர் சொன்னது சரி என்றே நமக்குப் படுகிறது. காசிமேட்டிலே விசைப்படகுக்காரரை விடக் கூலிக்குப் போகும் ஆளே அதிகம் நேர்ந்துகொள்கிறார். கடலுக்கு அவரே அதிகம் அஞ்சவேண்டியிருக்கிறது, காப்பீடு அவருக்கே குறைவாக இருக்கிறது.

கண் மங்கி, உடல் தளர்ந்து, எண்பத்தைந்தை எட்டியபோதும், 1945ஆம் ஆண்டு அச்சுத் தொழிலாளர் மாநாட்டு மேடைக்கு வந்தார். 1946 பிப்ரவரி 11 அன்று மறைந்தார். பாவேந்தர் பாரதிதாசன் அவரைப் பாடினார். கடைசி மூச்சிலே கடவுள் பெயர் சொன்னார் என்று கதை கட்ட இன்றுவரை எவருக்கும் துணிவு வரவில்லை. எத்தனையோ நாத்திகருக்குக் கட்டியிருக்கிறார்கள்!

ராஜாஜி சாலையிலே, சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலே காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி பட்டா கேட்கிறாள். ஒருத்தி விதவை உதவித்தொகை கேட்கிறாள். ஒருத்தி, கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுக்கு இழப்பீடு கேட்கிறாள். நெற்றியிலே குங்குமம் இருக்கிறது; கழுத்திலே சிலுவை இருக்கிறது; கையிலே, தேதி போட்ட மனு இருக்கிறது. அவர் பெயர் எழுதிய வாசல் வழியாக உள்ளே போய், மனுவைக் கொடுத்து, எண் எழுதிய ரசீதை வாங்கி முந்தானையிலே முடிந்துகொண்டு இறங்குகிறார்கள்.